எந்த பிஸ்டன் நல்லது, டாக்டர்?

மிக்ஸி ஓடும்போது நீங்கள் சொல்வது அவர் காதில் விழுகிறது. அது நின்றதும், “என்ன சொன்னே?” என்கிறார். அவர் பேசுவதோ மெல்லிய குரலில். இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், கிண்டலை விட்டுவிட்டு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஓட்டோஸ்கிளிரோசிஸாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். கடைசியில் உள்ள அங்கவடி சுமார் 3 மி.மீ.தான், உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு. உள்காதின் வாசலில் அசைந்து ஒலியை உள்ளே தள்ளுவது இதன் வேலை. வேண்டாத எலும்பு வளர்ந்து இதை இறுக்கிவிட்டால், துருப்பிடித்த கீல் கதைதான்.

1956ல் அமெரிக்காவில் டாக்டர் ஜான் ஷியா இந்த எலும்பை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை வைத்தார். இப்போது பெரும்பாலும் முழுசாக எடுப்பதில்லை. மேல்பகுதியை மட்டும் நீக்கி, அடித்தட்டில் ஒரு மி.மீட்டருக்கும் குறைவான துளை போட்டு, அதில் பிஸ்டனை இறக்குகிறார்கள். அதன் கொக்கியைப் பட்டடை எலும்பில் மாட்டுகிறார்கள்.

“விலை கூடினதாவே போடுங்க டாக்டர்!” என்போம் நாம். விஷயம் விலையில் இல்லை, மாட்டுவதில் இருக்கிறது. மெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்தால் ஆடும், இறுக்கினால் விரல் புண்ணாகும். கொக்கி தளர்ந்தால் ஒலி சரியாகப் போகாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து பட்டடை எலும்பு நாளடைவில் அரித்துப்போகலாம். டெஃப்லான் கொக்கியை விரித்து மாட்டினால் தானே சுருங்கிப் பிடிக்கும். டைட்டானியம் லேசானது, பெரும்பாலான வகைகளில் கொக்கியை டாக்டர்தான் இடுக்கியால் நெருக்கவேண்டும். நிட்டினால் சூடு பட்டதும் தானாக வளைந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் நிக்கல் உண்டு. கவரிங் நகை போட்டால் அரிக்கிறதா? டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அனுபவமுள்ள கையில் இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி பலன் தருகின்றன. எனவே, “எந்தக் கம்பெனி?” என்பதைவிட, “இந்த ஆபரேஷன் நீங்க நிறைய செய்திருக்கீங்களா?” என்று கேட்பதே புத்திசாலித்தனம். கேட்கக் கூச்சம் வேண்டாம், காது நம்முடையது!

ஏனென்றால், சுமார் நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அடியோடு கேட்காமல் போகக்கூடும். அதனால்தான் அதிகம் கேட்காத காதில் முதலில் செய்கிறார்கள். பயமாக இருந்தால் காது மிஷினும் நல்ல வழிதான்.

வைத்த பிஸ்டனின் விவரச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இன்றைய பிஸ்டன்களில் பெரும்பாலானவற்றுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தொல்லையில்லை. ஆனால் 1987ல் வந்த சில ஸ்டீல் பிஸ்டன்கள் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டன. ஸ்கேனுக்கு முன் சீட்டைக் காட்டுங்கள்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்கு மூக்கை பலமாகச் சிந்தக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்தே தும்முங்கள். விமானப் பயணம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.