கொக்குவாயும் படுகண்ணும்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவிலே அவ்வூருக்குப் பெயர் தந்தது. இத்தகைய வைணவத் தலங்களின் வாயிற்கடைகளில் துளசிமணி மாலைகள் தொங்குவதைக் காணலாம். அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்து அதன் முடிவைத் தேடினால் பெரும்பாலும் கொக்கி எதுவும் அகப்படாது. நூலின் இருமுனைகளும் ஒரு பெரிய மணியினுள் ஒன்றாக நுழைந்து, ஒரே முடிச்சில் அடங்கியிருக்கும். தலைவழியே அணியத்தக்க நீளம் உடையதாதலின் அம்மாலையைத் திறக்கவோ மூடவோ வேண்டுவதில்லை. கழுத்தை ஒட்டிக் கிடக்கும் அணிக்கும் மணிக்கட்டில் அணியும் கோவைக்கும் அவ்வசதி இல்லை. அவற்றைத் திறந்துதான் அணிய வேண்டும். அணிந்தபின் அவை தாமாகத் திறந்துகொள்ளவும் கூடாது. மணிகளைக் கோப்பது எவர்க்கும் எளிது. இவ்விரு முனைகளையும் முடிப்பதிலேதான் கைத்திறன் வெளிப்படுகிறது.

தமிழ்நாட்டில் மணித்தொழில் மிகப் பழையது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலிலும் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் நடந்த அகழாய்வுகளில் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கொடுமணல் ஈமக்குழிகளில் இறந்தோருடன் சூதுபவள மணிகளும் இடப்பட்டிருந்தன. மணிகள் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் மெருகு குன்றாமல் இருக்கின்றன. அவற்றைக் கோத்த நூலோ மட்கிவிட்டது. எம்மணிக்கு அடுத்து எம்மணி நின்றது, முனைகளை எவ்வாறு முடித்தனர் என்பனவெல்லாம் நூலோடு போயின. கோவையின் கட்டமைப்பைத் தெளிவாக அறிய, எழுத்தில் பதிந்த சான்று தேவைப்படுகிறது.

அச்சான்று தஞ்சைப் பெரிய கோவிலில் இருக்கிறது. முதலாம் இராசராசன், அவன் தமக்கை குந்தவை, அரசியர் முதலியோர் இறைத்திருமேனிகளுக்கு அளித்த அணிகலன்களை அங்குள்ள கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூறுகின்றன. கோவையில் உள்ள முத்துகளின் எண்ணிக்கை மட்டுமன்றி, அவை உருண்டையானவையா, ஏறத்தாழ உருண்டையானவையா, கரடு உடையனவா என்பதும் குறிக்கப்பெறுகிறது. அவற்றோடு ஒன்றாக எண்ணப்பெறும் இரண்டு உறுப்புகள் கொக்குவாய், படுகண் என்பன. கொக்கின் அலகுபோல் வளைந்த கொக்கி கொக்குவாய். அது சென்று மாட்டிக்கொள்ளும் துளை அல்லது வளையம் படுகண். ‘படுதல்’ என்னும் வினையில் அகப்படுதல் என்ற பொருளும் அடங்கியிருத்தலை நோக்கினால், இப்பெயரின் பொருத்தம் விளங்கும். இத்துணை எளிய, கண்முன் உருவம் காட்டும் சொற்கள் இருக்க, அவற்றை மறந்தது நம் இழப்பே.

பல வடங்கள் உள்ள அணிகளில் முனைகளை முடிப்பது மேலும் அரிது. இடையணிகளுள் எட்டுக் கோவை உடையது காஞ்சி, ஏழு கோவை உடையது மேகலை, பதினாறு கோவை உடையது கலாபம் எனத் தமிழ் மரபு வகுத்துள்ளது. பதினாறு நூல்களையும் ஒரே முடிச்சில் அடக்கினால் முடிச்சு பருத்துவிடும். வடங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரளும். ஆதலால் வரிசையாகத் துளையிட்ட ஓர் உலோகப் பட்டையில் ஒவ்வொரு வடத்தையும் தனித்தனியே முடித்து, அப்பட்டையில் கொக்கியைப் பொருத்துவர். கழுத்தணியாயின் உள்வடம் குட்டையாகவும் வெளிவடம் நெடிதாகவும் அமைய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கோத்தால் அணி மார்பில் படியாது.

ஒற்றை வடத்தை முடிக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். பட்டுநூல் எடை தாங்கும்போது நீளும் இயல்புடையது. மணிகளைக் கோத்தவுடன் முடிச்சிட்டால், சில நாள்களில் கொக்கியின் அருகே வெற்றுநூல் தோன்றும். எனவே, கோத்த வடத்தை ஓர் இரவு தொங்கவிட்டு, நூல் நீண்ட பின்னரே முனைகளை முடிப்பது நன்று. அதற்காக நூலை வலிந்து இழுத்துக் கட்டவும் கூடாது. மணிகள் சற்றே அசைய இடமின்றேல் வடம் விறைத்து நிற்கும், நூலும் மணித்துளையின் விளிம்பில் தேய்ந்து அறும்.

முடிச்சிடுகையில் முதலில் வலமுனையை இடமுனையின்மேல் இட்டால், அடுத்து இடமுனையை வலமுனையின்மேல் இட வேண்டும். இருமுறையும் ஒரே பக்கமாக இட்டால் முடிச்சு வழுக்கி அவிழும். எஞ்சிய நூலை ஒட்ட வெட்டாமல், மீண்டும் இரண்டு மூன்று மணிகளுக்குள் செலுத்தி, இடையிடையே சிறு முடிச்சிட்டுப் பிறகு வெட்ட வேண்டும். இதனால் கடைசி மணிகளின் துளையில் நூல் இருமுறை செல்கிறது. அகன்ற துளையுடைய மணிகளை முனைகளுக்கென முன்னரே ஒதுக்கி வைப்பது இதன்பொருட்டே. நூல் உலோக வளையத்தை நேரே தொடும் இடமே முதலில் அறுவது. அவ்விடத்தில் மெல்லிய கம்பிச்சுருளுக்குள் நூலை நுழைத்துவிட்டால் உராய்வைக் கம்பி ஏற்கும். உலோக இழையில் கோப்பதாயின் முடிச்சு நில்லாது. ‘கிரிம்ப்’ எனப்படும் சிறு குழலில் இழையைச் செலுத்தி, மடக்கித் திருப்பி, குழலைக் குறட்டால் நசுக்குவர். கொக்கியை இணைக்கும் வளையத்தைத் திறக்கும்போது அதன் வாயை அகலமாகப் பிளத்தல் தவறு. ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகித் திறந்து, அவ்வாறே மூடினால்தான் வட்டம் கெடாது.

கொக்கியைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். கொக்குவாய் போன்ற திறந்த கொக்கியை நிலைநிறுத்துவது கோவையின் எடை. கழுத்தில் அவ்வெடை எப்போதும் கீழ்நோக்கி இழுப்பதால் கொக்கி படுகண்ணை விட்டு நழுவுவதில்லை. மணிக்கட்டில் நிலைமை வேறு. கையை மேசைமீது வைத்த கணத்தில் இழுவிசை நீங்கும். கொக்கி கழன்று, அணிந்தவர் அறியாமலே கோவை விழுந்துவிடும். ஆகவே கையணிக்குத் திருகோ, வில்விசையுள்ள கொக்கியோ பொருந்தும்.

தஞ்சைக் கணக்கர் அணிகலன்களை நிறுத்த முறையிலும் இத்தொழிலின் நுட்பம் பதிந்துள்ளது. அணிகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுக்கமாகக் கூறப்படுகிறது. சில அணிகளுக்குச் சரடு முதலியவற்றை நீக்கிய எடையே தரப்பட்டுள்ளது. மணியும் கொக்குவாயும் படுகண்ணும் கோவிலின் நிலைத்த உடைமை. சரடு நைந்தால் மாற்றிக் கோக்க வேண்டியது என அவர்கள் கொண்டனர் எனக் கருத இடமுண்டு. இன்றும் நாள்தோறும் அணியும் முத்துமாலையை நூல் அறும்வரை காத்திராமல், முனையருகே நூல் பிசிறத் தொடங்கும்போதே பிரித்துக் கோப்பதே முறை. அவ்வேளையில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சிட்டால், பின்னொரு நாள் நூல் அறுந்தாலும் தெருவில் உருள்வது ஒரு முத்தாகவே இருக்கும்.