கமராவுக்குள் அகப்படாத உருத்திரபுரம்

கணினித் திரையில் தெரிவது இவ்வளவுதான்: வெள்ளைச் சுவர், நீலச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை, தலையில் ஹெட்செட், முகத்தில் அளவான சிரிப்பு. கொழும்பிலிருக்கும் மேலாளரும் லண்டனிலிருக்கும் வாடிக்கையாளரும் கண்டது அதை மட்டுமே. அந்தச் சட்டகத்துக்கு வெளியே நடந்த திருவிழாவை அவர்கள் காணவேயில்லை! வாருங்கள், படலையைத் திறந்து பின்பக்கத்தால் உள்ளே போவோம். செருப்பைக் கழற்றுங்கள். சத்தம் கூடாது. பிள்ளை மீற்றிங்கில் நிற்கிறாள்.

இடம் உருத்திரபுரம். கிளிநொச்சி நகரத்துக்கு மேற்குப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் விளையும் ஊர். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்கால் இலக்கத்தைச் சொன்னாலே இங்கே வீடு பிடித்துவிடலாம். காலம் 2020 மார்ச். 11ஆம் திகதியளவில் இலங்கைக்குள் முதல் இலங்கையருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. 12ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அறிவிப்பு வந்தது. 20 முதல் 27 வரை வீட்டிலிருந்து வேலை செய்யும் வாரம் என்றது அரசாங்கம். அந்த வாரம் தொடங்கிய அன்றே, மாலை 6 மணிக்கு, நாடு முழுவதும் ஊரடங்கு. கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த பிள்ளைகள் அதற்கு முன்பே கிடைத்த பஸ்ஸில் ஏறி ஊர் சேர்ந்திருந்தார்கள். என் சித்தியின் மகளும் அப்படி வந்தவள்தான். மென்பொருளில் பிழை பிடிப்பது அவள் வேலை. அவளுடைய அலுவலகத்துக்குள்தான் இப்போது நுழைகிறோம்.

தையல் மெசினுக்கு மேலே ஓர் அலுவலகம்

மேசையைப் பாருங்கள். மேசையே அல்ல, சித்தியின் பழைய தையல் மெசின்! தலையை உள்ளே மடித்து, பலகையை மூடி, அதன்மேல் லேப்டொப். கீழே கால்மிதி அப்படியே இருக்கிறது. சிக்கலான பிழை ஒன்று மாட்டினால் தங்கச்சியின் கால் தானாகவே மிதிக்கத் தொடங்கிவிடும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் வேலை கடுமை என்று வீட்டுக்காரருக்கு விளங்கும். யாரும் கிட்டப் போகமாட்டார்கள்.

வெள்ளைச் சுவருக்கும் ஒரு கதை உண்டு. அறையில் பூசி வெள்ளையடித்த சுவர் அது ஒன்றுதான். வலப்பக்கம் கூரையளவுக்கு நெல்மூடைகள், இடப்பக்கம் அப்பம்மாவின் கட்டில். கமராவை ஒரு சாண் திருப்பினாலும் அப்பம்மா கூட்டத்துக்குள் வந்துவிடுவா! ஆகவே சித்தப்பா மூடைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி இடம் எடுத்துக் கொடுத்தார். யன்னல் வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்ததும் சித்தி ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டா. என்ன அருமையான வெளிச்சம் தெரியுமா! அந்த மெல்லிய ஒளியில் தங்கச்சியின் முகம் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப்போலத் தெரிந்தது.

இனி முற்றத்துக்கு வாருங்கள். தண்ணீர்த் தாங்கி நிற்கும் தூணை அண்ணாந்து பாருங்கள். கவிழ்த்துக் கட்டிய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று தெரிகிறதல்லவா? அதற்குள்தான் றவுட்டர்! வீட்டுக்குள் வைத்தால் சிக்னல் ஒரு கோடு. கிணற்றடியில் இரண்டு. தூணின் உச்சியில், கிளிநொச்சிப் பக்கம் பார்த்து வைத்தால் முழுக்கோடு. மழைக்குப் பெட்டி, காற்றுக்குக் கயிறு, வயர் யன்னல் வழியாக உள்ளே. இந்த ஏற்பாட்டை வடிவமைத்துப் பூட்டியவர், கணினியைத் தொட்டே பார்த்திராத சித்தப்பா.

ஒலிக்கட்டுப்பாட்டுப் பிரிவு

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு மற்ற நாடுகளில் நாய் குரைக்கும், குழந்தை அழும். எங்கள் வன்னியில் மயில் அகவும்! மத்தியானக் கூட்டத்தில் தங்கச்சி வாய் திறந்த கணத்தில் கூரையிலிருந்து ஒரு மயில் முழுத் தொண்டையில் கூவினால் கதையே நின்றுவிடும். 2020 சித்திரையில் உழவு தொடங்கியது. விவசாயத்துக்கு ஊரடங்கிலும் அனுமதி இருந்ததால் லான்ட்மாஸ்டர் உழவு மெசின்கள் ஒழுங்கை அதிர ஓடின. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி நாடு மூடிக்கிடந்தபோது சிறுபோக அறுவடை. வெட்டு மெசின்களின் முறை அது. நாடு அடங்கியிருந்த நாட்களிலும் ஊர் முழுக் குரலோடு வேலை செய்துகொண்டிருந்தது!

இந்தச் சத்தங்களையெல்லாம் சமாளிக்க ஒரு பிரிவே இயங்கியது. மயிலைக் கலைப்பது அப்பம்மாவின் பொறுப்பு. நீளத் தடி ஒன்றோடு திண்ணையில் காவல். படலையடியில் கடைக்குட்டித் தம்பி. அவனுக்குத்தான் ஆகப் பெரிய வேலை: பாண் ஓட்டோவைச் சமாளிப்பது. இலங்கை முழுவதும் பாண் ஓட்டோக்கள் ஒலிபரப்பிக்கொண்டு வரும் அந்த மெட்டு பீத்தோவனின் ‘ஃபியூர் எலிசே’. அது ஒழுங்கை முகப்பில் கேட்டதும் தம்பி பறப்பான்.

“அண்ணை, அக்கா மீற்றிங்கில நிக்கிறா. பாட்டை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ!”

“ஓம் ராசா, அக்காட்டச் சொல்லு, நான் சத்தமில்லாமல் போறன்.”

பாண்காரர் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போவார். பாட்டு இல்லாவிட்டால் அயல்வீட்டுக்காரருக்குப் பாண் வந்தது தெரியாதே! அதற்கும் வழி இருந்தது. தம்பியின் கூட்டாளிகள் வேலிக்கு வேலி ஓடி, குசுகுசுத்த குரலில் “பாண், பாண்” என்று அறிவித்தார்கள். ஒரு பெண்பிள்ளையின் கூட்டம் குழம்பக்கூடாது என்று ஓர் ஒழுங்கையே தன் காலையை மாற்றிக்கொண்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஒருநாள் தம்பி தோட்டத்துக்குப் போய்விட்டான். மெட்டு நேராக மைக்குக்குள்! லண்டன்காரர் கதையை நிறுத்திவிட்டு, யார் பீத்தோவன் வாசிப்பது என்று கேட்டார். பீத்தோவன் பிறந்து 250 ஆண்டு நிறைந்த 2020 அது. ஐரோப்பாவில் அவருக்காகத் திட்டமிட்ட கச்சேரிகள் பல நின்றுபோயிருந்தன. உருத்திரபுரத்தில் அவர் மெட்டு தடையின்றி ஒலித்தது. தங்கச்சி விளக்கம் சொல்ல, கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாண் என்ன விலை என்றும் விசாரித்தார்கள்!

தண்ணீர் முறையும் டேட்டா முறையும்

இப்போது இரவுக் காட்சி. அப்போது இங்கே விற்ற டேட்டாப் பொதிகள் பலவற்றில் பகலுக்கு ஒரு பங்கு, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலைவரைக்கு இன்னொரு பங்கு. பகல் பங்கு சூம் கூட்டத்தில் கரைந்துவிடும். பெரிய கோப்புகளை இறக்குவது, கணினியைப் புதுப்பிப்பது, பாட வீடியோக்களைச் சேமிப்பது எல்லாம் இரவுப் பங்கில்தான். ஆகவே 12 மணி அடித்ததும் வீடுவீடாகச் சின்ன வெளிச்சங்கள் முளைக்கும்.

அதே நேரத்தில் வயலில் இன்னொரு விழிப்பு. வாய்க்காலில் தண்ணீர் முறைப்படிதான் வரும். முறை இரவில் விழுந்தால் சித்தப்பா மண்வெட்டியும் டோர்ச்சுமாகப் போவார். தகப்பன் வயலில் தண்ணீர் முறைக்குக் காத்திருக்க, மகள் வீட்டில் டேட்டா முறைக்குக் காத்திருப்பாள். விடியப்புறம் இருவரும் அடுப்படியில் சந்திப்பார்கள். “நிரம்பிட்டுதோ பிள்ளை?” என்று அவர் கேட்பார். “நிரம்பிட்டுது அப்பா, வயல்?” என்று அவள் கேட்பாள். சித்தி இருவருக்கும் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஊற்றுவா. அவர்களோடு அந்தத் தேநீரைக் குடிக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்!

ஒரு போன், மூன்று வகுப்பு

வேலிக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர், போன் ஒன்று. பகலில் அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். இருட்டியபின் வீடு திரும்பியதும் மூன்று வகுப்புகளின் வட்ஸ்அப் செய்திகளும் ஒன்றாகக் கொட்டும். மூத்தவளின் கணிதம், நடுவிலானின் விஞ்ஞானம், சின்னவனுக்கு ஆசிரியை ராகத்தோடு அனுப்பிய குரல்பதிவு. மூத்தவளே கால அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். தொலைக்காட்சி உள்ளவர்கள் நேத்ரா அலைவரிசையில் பாடம் பார்த்தார்கள். எதுவும் இல்லாத பிள்ளைகளுக்காகத் தெரிந்த ஆசிரியை ஒருவர் பயிற்சித் தாள்களைப் போட்டோகொப்பி எடுத்து ஒழுங்கைக் கடையில் வைத்தார். சீனியும் பருப்பும் வாங்க வந்தவர்கள் தாளையும் எடுத்துப்போக, அடுத்த கிழமை விடைகள் அதே கடைக்கு வந்து சேர்ந்தன.

நாடு முழுக்க இந்தத் தவிப்பு இருந்தது. மலைப்பக்கத்துப் பொகிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னலுக்காகப் பாறையேறிப் படித்த செய்தி 2021இல் உலகமெங்கும் போனது. ஓகஸ்ட்டில் நடக்கவேண்டிய 2020 உயர்தரப் பரீட்சை ஒக்டோபர் 12இல் தொடங்கியது; அந்த ஆண்டின் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. நாட்கூலிக் குடும்பங்களின் பாடு இன்னும் கடினம். 5000 ரூபா நிவாரணம் வந்தது. அதற்குள் அரிசியையும் பார்க்கவேண்டும், ரீலோட்டையும் பார்க்கவேண்டும். பாடம் அறுந்துபோன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்துத் திரும்ப வகுப்புக்குக் கூட்டிவருவது இன்றைக்கும் எங்கள் கடமை.

பழகிய கைகள்

இவ்வளவு ஒழுங்கும் எங்கிருந்து வந்தது? அப்பம்மாவிடம் கேட்டால் சிரிப்பா. 1990களில் வன்னியில் மின்விநியோகமே இல்லை. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2008இன் கடைசியில் ஊரே பெயர்ந்தது. போர் முடிந்து திரும்பி வந்தபோது கூரைகளே இல்லை. மரநிழலிலும் தறப்பாளுக்குக் கீழேயும் பாடம் நடந்தது. அன்று டைனமோ சுற்றிய கைகளில் ஒன்று சித்தப்பாவுடையது. றவுட்டரைத் தூணில் கட்டியதும் அதே கை!

அந்தப் பழக்கம் 2022இலும் கைகொடுத்தது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் போனது. எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களைக்கூட வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். தங்கச்சி லான்ட்மாஸ்டர் பற்றரியிலிருந்து றவுட்டருக்கு வயர் இழுத்து, சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தில் நின்றாள்.

கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எங்கள் மாவட்டத்திலேயே, அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கே படித்து வெளியேறுகிறவர்கள் வேலைக்கு இரவு பஸ் ஏறி, அறை வாடகைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. அடைபட்ட காலத்தில் அந்தக் காசு ஊருக்குள் நின்றது. சித்தி வீட்டு அறையின் மற்ற மூன்று சுவர்களுக்கும் பூச்சு வந்ததும் அந்தக் காசில்தான்!

ஒரு பிள்ளையின் வேலைக்குப் பின்னால் மூடை நகர்த்திய தகப்பனும், வேட்டியைக் கொடியில் போட்ட தாயும், மயில் கலைத்த அப்பம்மாவும், பாட்டை நிறுத்திய பாண்காரரும் நின்றார்கள். வேலை கொடுப்பவர்களே, அவர்கள் அத்தனை பேரின் உழைப்பும் உங்களுக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நேர்முகத் தேர்வில் எங்கிருந்து வேலை செய்வீர்கள் என்று கேளுங்கள். எட்டாம் வாய்க்கால், உருத்திரபுரம் என்று பதில் வந்தால் தயங்காமல் நியமனக் கடிதத்தை அனுப்புங்கள். றவுட்டரை எங்கே கட்டுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!