எண்ணெய் ஒழுகிய பக்கம் பிழைத்தது!

பிள்ளைகளே, இன்றைக்கு ஒரு துப்பறியும் கதை. குற்றவாளி யார் என்று கடைசியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு குட்டிக் கார் பிறந்தது. பெயர் மினி. 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், சக்கரம் வெறும் 10 அங்குலம். ஆனாலும் பெரியவர்கள் நான்கு பேர் உட்காரலாம்! அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியிலேயே ஒளித்தார். மிச்சப்பட்ட இடத்தையெல்லாம் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். மாண்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் 1964, 1965, 1967 என்று மூன்று முறை இந்தச் சுண்டெலி பெரிய கார்களைத் தோற்கடித்தது. 2000-ஆம் ஆண்டு வரை 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் வெளிவந்தன.

அந்தக் காருக்கு ஒரு தீராத வியாதி உண்டு. வருஷக்கணக்காக ஓடிய மினியை ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் எட்டிப் பாருங்கள். முன்பக்க எஃகுச் சட்டம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். பின்பக்கச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்தென்று உள்ளே போகும். பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக உதிரும். ஒரே கார், ஒரே சாலை, ஒரே மழை. பின்பக்கத்தை மட்டும் தின்றது யார்?

முதலில் அந்தச் சட்டம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். லாரிக்கு அடியில் நீளமான சேஸ் இருக்கும். மினிக்கு அது கிடையாது. மெல்லிய தகடுகளை வெல்டிங் செய்த பெட்டிதான் அதன் உடம்பு. சக்கரம் குழியில் விழும்போது அந்த அடி நேரே தகட்டில் இறங்கினால் தகடு கிழிந்துவிடும். அதனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சட்டங்களைப் பொருத்தினார்கள். மெக்கானிக்குகள் அதை சப்ஃபிரேம் என்பார்கள். தலைச்சுமைக்குச் சும்மாடு வைப்பதில்லையா? பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவுமே, அந்த வேலைதான். பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகளும் ரப்பர் ஸ்பிரிங்குகளும் பின் சப்ஃபிரேமில்தான் மாட்டியிருக்கின்றன. அது உளுத்துப்போனால் ஓடும்போதே சக்கரம் கோணிக்கொள்ளும்.

சரி, இனி குற்றவாளியைத் தேடுவோம். முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறார். உப்பு!

இங்கிலாந்துக் குளிர்காலத்தில் இரவோடு இரவாகச் சாலையில் ஈரம் உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். அதில் உப்பைச் சேர்த்தால் உறைவதற்கு இன்னும் கடுமையான குளிர் வேண்டும். 100 கிராம் உப்புக் கரைசலில் 23 கிராம் உப்பு இருந்தால், மைனஸ் 21 டிகிரி வரைக்கும் அது உறையாது. அதனால் லாரி லாரியாகக் கல்லுப்பைச் சாலையில் தூவுகிறார்கள். செஷயரில் 1844-இல் தொடங்கிய வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் இந்த உப்பை வெட்டி எடுக்கிறார்கள். கார் போகும்போது டயர் அந்த உப்புத் தண்ணீரை அடிப்பக்கமெல்லாம் வாரி இறைக்கும்.

மழை நின்று, சாலை காய்ந்த பிறகும் உப்பு சும்மா இருக்காது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரத்தை உப்பு தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். காரின் அடியில் ஒட்டிய உப்பும் அப்படியே. காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் தகட்டை நனைத்தே வைத்திருக்கும்.

ஆனால் உப்பு முன்பக்கமும்தானே படுகிறது? ஆகவே கேஸ் முடியவில்லை. ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

பழைய இரும்புத் தகடு ஒன்றை எடுத்து உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். கையை வெட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் வேண்டாம், அது எளிதில் துருப்பிடிக்காது. தகட்டின்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். காய்ந்துவிடாதபடி ஒரு டம்ளரால் மூடிச் சில மணி நேரம் காத்திருங்கள்.

சொட்டுக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதுதான் துரு. மெதுவாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். தகடு அரிக்கப்பட்டிருப்பது வளையத்துக்குக் கீழே அல்ல, சொட்டின் நடுவில்!

ஏன்? சொட்டின் விளிம்பு மெல்லியது, அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாகக் கரைந்து கீழே போகிறது. நடுப்பகுதி ஆழம், அங்கே ஆக்சிஜன் குறைவு. நடுவில் உள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கரைகின்றன. கழன்ற எலக்ட்ரான்கள் தகடு வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்கே உள்ள ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பு பாதி வழியில் ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாகப் படிகிறது. ஒரு சொட்டுக்குள் ஒரு குட்டி பேட்டரி! உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் இந்த பேட்டரி வேகமாக வேலை செய்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த யூலிக் ஈவன்ஸ் என்ற விஞ்ஞானி இந்தச் சொட்டை வைத்துத்தான் துருவின் ரகசியத்தை விளக்கினார்.

இப்போது இரண்டாவது துப்பு கிடைத்துவிட்டது: எங்கே காற்று குறைவாகப் போகிறதோ, அங்கேதான் இரும்பு அதிகம் கரைகிறது.

மினியின் பின் சப்ஃபிரேம் மடித்த தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெல்டிங் செய்தது. உள்ளே வெற்றுக்கூடு. இறைத்த சேறும் உப்பும் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். வடிகால் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால், உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. வெளியில் பெயின்ட் பளபளவென்றிருக்க, உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். ஓட்டை விழும்போதுதான் சொந்தக்காரருக்கே தெரியும்.

முன் சப்ஃபிரேம் எப்படித் தப்பித்தது? அங்கேதான் எஞ்சினும் கியர் பெட்டியும் இருக்கின்றன. பழைய மினி எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் கசியும். கார்க்காரர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அந்தக் கசிவு சட்டம் முழுக்கப் பிசுபிசுவென்று பூசிக்கொண்டது. உங்கள் பாட்டி இரும்பு தோசைக்கல்லைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவித்தானே எடுத்து வைக்கிறார்? தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொட முடியாது. அதே வைத்தியம் முன்பக்கத்துக்குத் தானாகவே நடந்துவிட்டது. பின்பக்கத்துக்கு எண்ணெய் தடவ யாரும் இல்லை!

இனி, நோயை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கு என்ன சிகிச்சை? இங்கிலாந்தில் 1960 முதல் எம்ஓடி என்ற கட்டாயச் சோதனை இருக்கிறது. சோதிப்பவர் கையில் சின்னச் சுத்தி மாதிரி ஒரு கருவி இருக்கும். அடியில் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்றால் நலம். ‘டொப்’ என்றால் ஆபத்து. சக்கரத்தைத் தாங்கும் பாகம் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துருவால் வலுவிழந்திருந்தால் கார் ஃபெயில்!

‘ஓட்டைமேல் ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் போகிறது’ என்று சிலர் நினைப்பார்கள். உள்ளே ஊறியிருக்கும் ஈரம் அப்படியே இருக்குமே! சுற்றிலும் உள்ள தகடும் காகிதமாக மெலிந்திருக்கும், வெல்டிங் சூட்டில் பொசுங்கி ஓட்டை பெரிதாகும். அதனால் மினிக்காரர்கள் பெரும்பாலும் சப்ஃபிரேமையே கழற்றிப் புதிதாக மாற்றுவார்கள்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும். மழையில் ஊறிய மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்ளுமே, அதுபோல நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே துரு உப்பி இறுக்கிவிடும். இடுக்கில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒருநாள் ஊறவைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்குவார்கள். நட்டு விரியும், துரு விரிசல் விடும், போல்ட் அசையும்.

புதுச் சட்டத்தைத் துத்தநாகத்தில் தோய்த்ததாக வாங்கினால் நல்லது. நம் வீட்டு ஜி.ஐ. வாளிக்கு இருக்கும் அதே பூச்சு. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தானே கரைந்து, எலக்ட்ரான்களைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். அப்புறம் நீளமான குழாய் வழியாகச் சட்டத்தின் உள்கூட்டுக்குள் உருகிய மெழுகு போன்ற திரவத்தைப் பீய்ச்சுவார்கள். அது இடுக்கெல்லாம் ஊர்ந்து போய்ப் படியும். எஞ்சின் தெரியாமல் செய்த உதவியை இங்கே மனிதர்கள் தெரிந்தே செய்கிறார்கள்! குளிர்காலம் முடிந்ததும் காரின் அடியை நல்ல தண்ணீரால் கழுவி, வடிகால் துளைகளில் அடைத்த சேற்றைக் குச்சியால் குத்தி எடுத்தால் போதும், சட்டத்தின் ஆயுசு கூடும்.

கொஞ்சம்தான் துரு என்றால்? தேய்த்துச் சுத்தம் செய்து, டானிக் அமிலம் சேர்ந்த திரவத்தைப் பூசுவதுண்டு. பழுப்புத் துரு நீலம் கலந்த கறுப்பாக மாறி இறுகும். இந்த வித்தை நம் ஊருக்குப் பழையதுதான். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டு மை காய்ச்சினார்களே, அதுவும் இதே சேர்க்கைதான்.

இப்போது சொல்லுங்கள், குற்றவாளி யார்? உப்பா, தண்ணீரா, காற்றா? அல்லது தண்ணீர் வடிய வழி விடாத அந்த இடுக்கா?

பதில் சொல்லுமுன் உங்கள் வீட்டு இரும்புக் கேட்டைப் போய்ப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் அவசியம் பாருங்கள். உங்கள் ஊரில் உப்பைத் தூவ லாரி வேண்டாம், கடற்காற்றே கொண்டுவந்துவிடும். கேட்டில் முதலில் துருப்பிடித்தது மேல்பக்கமா, அடிப்பக்கமா? திறந்த கம்பியா, குழாயின் உள்பக்கமா? தட்டிப் பாருங்கள்... ‘டங்’கா, ‘டொப்’பா?