பழைய காரில் இலாபமா? முதலில் அடித்தகட்டைப் பாருங்கள்!

அண்மைக் காலமாக என்னுடைய கராஜுக்கு வரும் இளைஞர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நானா, பழைய கார் ஒன்று மலிவா வந்திருக்கு. எடுத்துத் திருத்தி வித்தா இலாபம் பாக்கலாமா?"

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் நம் நாட்டில் ஓடிய பழைய வாகனங்களுக்கெல்லாம் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டு விட்டது. ஆனாலும் பழைய கார் மீதான ஆசை மட்டும் குறையவில்லை. பார்க்கலாம் என்றோ, முடியாது என்றோ நான் யாருக்கும் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஷார்ஜாவில் நான் பொறுப்பேற்ற முதல் காரின் கதையைச் சொல்வேன். அதையே இன்று வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

மசில் கார் என்றால் என்ன?

1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொண்டியாக் நிறுவனம், நடுத்தர அளவான தனது கார் ஒன்றில் 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லீற்றர் கொள்ளளவுள்ள பெரிய என்ஜினைப் பூட்டி ஜீ.ரி.ஓ. என்ற பெயரில் விற்றது. சாதாரண குடும்பக் காரின் உடல், பந்தயக் காரின் பலம். இவ்வகைக் கார்களுக்குத்தான் மசில் கார் என்று பெயர் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17 இல் போர்ட் நிறுவனம் மஸ்டாங் காரை வெளியிட்டது. இரண்டு வருடங்கள் நிறைவதற்குள் பத்து இலட்சம் மஸ்டாங்குகள் உற்பத்தியாகி விட்டன. 1967 இல் அதன் உடலைச் சற்று அகலமாக்கி, 390 கன அங்குல என்ஜினையும் பொருத்திக் கொடுத்தார்கள். மஸ்டாங்கும் மசில் கார் வரிசையில் சேர்ந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1973 இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர, இந்தக் கார்களின் காலம் முடிந்தது. அன்று கழித்து ஒதுக்கப்பட்ட கார்களைத்தான் இன்று பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். வளைகுடா நாடுகளிலும் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஷார்ஜாவில் பழைய கார்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமே உண்டு.

கையெழுத்துப் போட்ட நாள்

எட்டு வருடங்கள் ஷார்ஜா கைத்தொழில் பகுதியில் டிங்கரிங் வேலை செய்த பின், 2006 இல் மாவனல்லையைச் சேர்ந்த நானா ஒருவருடன் பங்குக்குச் சேர்ந்து சிறிய கராஜ் ஒன்றைத் தொடங்கினேன். அனுசரணையாளர் ஓர் அரபி. ஊரில் வீட்டுக்குத் தட்டுப் போடுவதற்கென்று சேர்த்த காசைத்தான் என் பங்காகப் போட்டிருந்தேன்.

இரண்டாவது மாதமே அந்தக் கார் வந்தது. 1967 மஸ்டாங், கூரை பின்புறம் சரிந்து இறங்கும் 'பாஸ்ட்பெக்' வகை. அமெரிக்காவிலிருந்து கொள்கலனில் வந்திருந்தது. சிவப்புப் பெயின்ட் பளபளத்தது. உரிமையாளர் உள்ளூர் மனிதர், கண்ணியமானவர். என்ஜினில் வேலை இல்லை, பொடியையும் பெயின்டையும் மட்டும் புதிதாக்கித் தர வேண்டும் என்றார். நாங்கள் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தோம். கதவைத் திறந்து மூடினோம். அரை மணித்தியாலத்தில் விலை சொன்னோம். எல்லாம் அடங்கலாக 48,000 திர்ஹம், நான்கு மாதம்.

எங்கள் கணக்கு இதுதான்: உதிரிப்பாகம் 14,000, பெயின்ட் வகை 8,000, கூலியும் வாடகையும் 18,000. மொத்தம் 40,000. மிச்சம் 8,000 இலாபம். இரண்டு பேரும் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டோம்.

பெயின்டுக்கு அடியில்

பெயின்டைச் சுரண்டத் தொடங்கிய மூன்றாம் நாளே சிரிப்பு நின்றது. பின் மட்காட்டில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. அந்த இடத்தில் இருந்தது தகடல்ல, விரல் தடிப்புக்குப் பூசிய பட்டி.

மஸ்டாங் காருக்கு லொறியைப் போலத் தனியான செஸி கிடையாது. பொடியும் அடித்தகடும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, அவையே காரைத் தாங்குகின்றன. ஆகவே கறல் பிடித்தால் கெடுவது அழகு மட்டுமல்ல, காரின் முதுகெலும்பும்தான். இந்தக் காருக்கே உரிய பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. பொனட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில், காற்று உள்ளே போவதற்கென்று தகட்டால் ஒரு பெட்டி அமைத்திருப்பார்கள். மழை நீரும் காய்ந்த இலைகளும் அதற்குள் தங்கும். பெட்டி உள்ளுக்குள்ளேயே கறல் பிடித்து ஓட்டையாகி, நீர் டாஷ்போர்டுக்குக் கீழே வடிந்து அடித்தகட்டைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது.

வாளியில் தண்ணீர் எடுத்து அந்தத் துவாரங்களில் ஊற்றினேன். நானா உள்ளே குனிந்து டோர்ச் அடித்தார். "நிறுத்து தம்பி, நிறுத்து! இங்க மழை பெய்யுது" என்றார்.

கம்பளத்தைத் தூக்கினால் இரண்டு பக்கமும் அடித்தகடு சல்லடை. அதற்குக் கீழே முன்பக்கத்தைத் தாங்கும் சட்டத்திலும் கறல். அந்தப் பெட்டியை மாற்றுவதென்றால் பொனட், மட்காட் எல்லாவற்றையும் கழற்றி, வரிசையாக இருக்கும் புள்ளி வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும். அடித்தகட்டை வெட்டுமுன் உள்ளே குறுக்குக் கம்பிகளை வெல்டிங் செய்து பொடியைப் பிடித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொடி முறுகிவிடும்; பிறகு கதவு பூட்டாது.

அன்றிரவு மறுபடியும் கணக்குப் போட்டோம். உதிரிப்பாகம் 23,000, பெயின்ட் 8,000, கூலியும் வாடகையும் 31,000. மொத்தம் 62,000. இலாபம் போனதோடு 14,000 திர்ஹம் நட்டம்.

இலக்கம் சொன்ன இரகசியம்

அதோடு முடியவில்லை. அந்தக் கால மஸ்டாங்கில் காரின் இலக்கத்தை முக்கியமாக இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று, சாரதிப் பக்கக் கதவில் ஆணியடித்த சிறு தகடு. மற்றது, முன்பக்கம் இடது மட்காட்டின் ஓரத்துக்குக் கீழே, உள்தகட்டில் அடித்துப் பதித்த இலக்கம். முதல் எண் 7 என்றால் 1967. அடுத்த எழுத்து தொழிற்சாலை. 'ஆர்' என்றால் கலிபோர்னியாவின் சான் ஹொசே. 02 என்றால் பாஸ்ட்பெக். அதற்கடுத்த எழுத்து என்ஜின். 'எஸ்' என்றால் 390, 'சி' என்றால் சாதாரண 289.

கதவுத் தகட்டில் 'எஸ்' இருந்தது. மட்காட்டைக் கழற்றி உள்தகட்டைத் துடைத்தால் அங்கே 'சி'. கதவுத் தகட்டைப் புதிதாக அடித்து வாங்கலாம். யாரோ சாதாரண மஸ்டாங் ஒன்றில் 390 என்ஜினை இறக்கிப் பூட்டி, கதவில் வேறு தகட்டை அடித்து, அபூர்வமான கார் என்று விற்றிருக்கிறார்கள்.

வாசகர்களுக்கு இந்த ஓர் எழுத்தின் பெறுமதி விளங்க ஓர் உதாரணம் சொல்கிறேன். 'புல்லிட்' என்ற 1968 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஓடிய மஸ்டாங், 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஏலம் போனது. கேள்வி விலை 34 இலட்சம் டொலர். அந்தக் கார் புதுப்பிக்கப்படவே இல்லை. கறலும் கீறலுமாகவே மேடைக்கு வந்தது. விலையைக் கொடுத்தது அதன் இலக்கமும் வரலாறும்தான்.

நானா என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, அது நம்மட வேலையா? வித்தவன் அமெரிக்காவுல. வாங்கினவருக்கே விளங்கல்ல. நாம பெயின்ட் அடிச்சிக் குடுப்போம், சல்லிய எடுப்போம். இப்ப சொன்னா காரைத் தூக்கிட்டுப் போயிடுவார். அட்வான்ஸையும் திருப்பிக் கேப்பார்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முற்பணமாக வாங்கிய 15,000 திர்ஹத்தில் பாதியை ஏற்கனவே செலவழித்து விட்டோம். என் வாப்பாவுக்கு ஊரில் சின்னப் புடவைக்கடை ஒன்று இருந்தது. துணியில் கிழிசல் இருந்தால் அதை விரித்துக் காட்டித்தான் வெட்டுவார். அன்றிரவு எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இன்னொன்றையும் யோசித்தேன். இவர் இந்தக் காரை ஒரு நாள் விற்பார். விசயம் தெரிந்த ஒருவர் பொனட்டைத் திறந்து அந்த இலக்கத்தைப் பார்ப்பார். அப்போது அமெரிக்காக்காரனின் பெயர் வெளியே வராது. கடைசியாகக் கழற்றிப் பூட்டிய எங்கள் பெயர்தான் வரும்.

மறுநாள் உரிமையாளரை அழைத்து எல்லாவற்றையும் காட்டினோம். கறலையும் காட்டினோம், இலக்கத்தையும் காட்டினோம், எங்கள் பிழையான கணக்கையும் காட்டினோம். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஒன்பது நாட்கள் எந்தத் தகவலும் இல்லை. வாடகை ஓடிக்கொண்டிருந்தது. நானா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்தாம் நாள் வந்தார். விற்றவனிடமிருந்து ஒரு சதமும் மீளவில்லை என்றார். "காட்சிக்கு வைக்கிற கார் வேண்டாம். என் பிள்ளைகளோடு ஓட்டுகிற கார் போதும். வேலையைத் தொடங்குங்கள்" என்றார். மேலதிகமாக 5,000 திர்ஹமும் அவகாசமும் தந்தார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. விலை சொன்னது நாங்கள்தானே.

கார் முடிய எட்டு மாதமானது. நட்டம் 9,000 திர்ஹம். என் பங்கு 4,500. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் ரூபா. வீட்டுத் தட்டு மூன்று வருடம் பிந்தித்தான் போடப்பட்டது. ஆனால் அடுத்த காரை எங்களிடம் கொண்டு வந்தவர் அவருடைய நண்பர். அதற்கடுத்ததும் அந்த வட்டத்திலிருந்தே வந்தது.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

அந்த நட்டத்துக்குப் பின் நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்குகள் இவை. மசில் காருக்கு மட்டுமல்ல, இங்கே நம்மிடம் வரும் மொரிஸ் மைனருக்கும் வொக்ஸ்வேகனுக்கும் இவையே பொருந்தும்.

1. வாங்குமுன் இலக்கத்தைப் பாருங்கள். புத்தகத்தில் உள்ளதும் காரில் பதித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

2. பெயின்டை நம்பாதீர்கள். ஒரு காந்தமும் ஒரு வாளி தண்ணீரும் போதும். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க விற்பவர் விடாவிட்டால், அதுவே பதில்.

3. உதிரிப்பாகம் கிடைக்கும் காரையே எடுங்கள். மஸ்டாங்குக்கு ஆணி முதல் முழுப் பொடி வரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அபூர்வமான கார் என்று ஆசைப்பட்டு எடுத்தால், ஒரு கதவுக் கைபிடிக்காக ஒரு வருடம் காத்திருக்க நேரும்.

4. கழற்றுமுன் படம் எடுங்கள். ஒவ்வோர் ஆணியையும் தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்ற ஒரு வாரம், பூட்ட ஒரு வருடம். இடையில் எல்லாம் மறந்து போகும்.

5. முழு வேலைக்கும் ஒரே விலை பேசாதீர்கள். கழற்றிப் பார்ப்பதற்குத் தனிக் கூலி பேசுங்கள். பார்த்த பின் கட்டம் கட்டமாக விலையை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ வைத்த பணத்தை இதில் போடாதீர்கள்.

போன மாதம் ஒரு தம்பி மொரிஸ் மைனர் ஒன்றின் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். விலை மலிவு, பெயின்ட் புதிது. "முற்பணம் குடுக்கட்டா நானா?" என்றார். கராஜில் தொங்கிய காந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, முதலில் இதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அடுத்த நாள் காந்தத்தோடு வந்தார். முற்பணம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.