பெரிய விமானம் பொறியியலின் மைல்கல்லா?

2007 அக்டோபர் 25ஆம் நாள் ஏர்பஸ் ஏ-380 விமானம் சிங்கப்பூரிலிருந்து சிட்னி நகருக்குத் தன் முதல் வணிகப் பயணத்தை மேற்கொண்டது. முழு நீளத்துக்கும் இரண்டு தளங்கள், ஏறத்தாழ 80 மீட்டர் இறக்கை வீச்சு, 575 டன் வரை புறப்பாட்டு எடை. நெருக்கமாக இருக்கைகள் அமைத்தால் 853 பயணிகளை ஏற்றிச் செல்லவும் அனுமதி உண்டு. ஆயினும் பதினான்கே ஆண்டுகளில், 251 விமானங்கள் வழங்கப்பட்ட நிலையில், 2021 டிசம்பரில் இதன் உற்பத்தி முடிவுற்றது. இவ்வளவு பெரிய முயற்சி இவ்வளவு விரைவில் ஓய்ந்திருக்கையில், பெரிய விமானங்களைப் பொறியியலின் மைல்கற்கள் என்று போற்றுவது எந்த அளவுக்குப் பொருந்தும்?

பருமனைக் கூட்டுவது எளிய செயலன்று. ஒரு விமானத்தின் எல்லா அளவுகளையும் அப்படியே இரு மடங்காக்கினால், இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் முன்னைப்போல் இரு மடங்கு பாரத்தைச் சுமக்க நேரிடும். எனவே சிறிய விமானத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிய விமானம் கட்டிவிட முடியாது. 1969 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த போயிங் 747 இதற்குத் தக்க சான்று. குறைந்த வேகத்தில் தரையிறங்குவதற்காக அதன் இறக்கைகளின் பின்புறத்தில் மூன்றடுக்கு மடிப்புகள் அமைந்தன. அன்றைய ஓடுபாதைகள் தாங்கவேண்டும் என்பதால், எடை நான்கு கால்களில் பதினாறு சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இவை திறமையான தீர்வுகளே. ஆனால் அந்த விமானத்தைச் சாத்தியமாக்கியது வேறொன்று.

பழைய ஜெட் எஞ்சின்களில் உள்ளே புகும் காற்று முழுவதும், அல்லது அதன் பெரும்பகுதி, எரியறை வழியே சென்று மிகுந்த வேகத்துடன் வெளியேறியது. புதிய வகையில் முன்புறம் ஒரு பெரிய விசிறி உண்டு. அது தள்ளும் காற்றில் ஒரு பங்கு எரியறைக்குச் செல்ல, ஏறத்தாழ ஐந்து பங்கு அதைச் சுற்றிப் பின்னே போய்விடுகிறது. சிறிதளவு காற்றை மிக வேகமாக வீசுவதைவிடப் பெருமளவு காற்றை மிதமான வேகத்தில் தள்ளுவதே எரிபொருளுக்குச் சிக்கனம், இரைச்சலும் குறைவு. இவ்வகை எஞ்சின் உருவெடுத்தது 1960களில் அமெரிக்க விமானப்படை நடத்திய கனரகச் சரக்கு விமானப் போட்டியை ஒட்டியே. அப்போட்டியில் போயிங் நிறுவனம் லாக்ஹீடிடம் தோற்றது என்பது சுவையான செய்தி! மைல்கல் என்று எதையாவது சுட்டுவதானால் அந்த விசிறியைச் சுட்டுவதே முறை. 1971இல் ஏர் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த ‘எம்பரர் அசோகா’வும் அதன் துணைகொண்டே பறந்தது.

மற்ற பெரிய முன்னேற்றங்கள் பலவும் சிறிய விமானங்களில் நிகழ்ந்தவையே. 1952இல் சேவைக்கு வந்த பிரிட்டனின் காமெட், சுமார் நாற்பது பேர் செல்லக்கூடிய விமானம். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறின. ஃபார்ன்பரோவில் ஒரு விமான உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்பு ஒன்றின் மூலையருகே உலோகம் அயர்ந்து பிளந்தது. இன்றைய ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அந்தப் பாடம் அடங்கியுள்ளது. விமானியின் கட்டளைகளைக் கணினி வழியே மின்குறிகளாகச் செலுத்தும் முறையும், 1988இல் சேவைக்கு வந்த, ஏறத்தாழ 150 இருக்கைகள் கொண்ட ஏ-320 மூலமே பயணி விமானங்களில் நிலைபெற்றது. வேகத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை; 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707இன் வேகமே, சற்றேறக்குறைய, இன்றும் நீடிக்கிறது.

ஏ-380இன் முடிவுக்கு விடையும் எஞ்சினிலேயே பெரிதும் உள்ளது. ஒரு எஞ்சின் பழுதுற்றால் மற்றொன்றின் துணையால் எத்தனை நிமிடங்களில் ஒரு விமான நிலையத்தை அடையலாம் என்பதே இரட்டை எஞ்சின் விமானங்களின் பாதையை வரையறுத்தது. 1985இல் இவ்வரம்பு 120 நிமிடங்களாக உயர்ந்தது. பின்னர் 180 ஆயிற்று. பெருங்கடல்கள் இரட்டை எஞ்சின்களுக்குத் திறந்துவிட்டன. போயிங் 777-300ஈஆர் விமானத்தின் இரண்டு எஞ்சின்கள், 1970ஆம் ஆண்டு ஜம்போவின் நான்கு எஞ்சின்களும் சேர்ந்து தந்த உந்துவிசையைவிட அதிகம் தருகின்றன. 2011இல் வந்த போயிங் 787இன் எடையில் பாதி கூட்டுப்பொருள்களால் ஆனது. இத்தகைய விமானங்கள் நடுத்தர நகரங்களை நேரடியாக இணைத்தபின், எண்ணூறு பேரை ஒரே இடத்தில் திரட்டவேண்டிய தேவை குறைந்துபோயிற்று.

இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கான்பூரில் கட்டப்பட்ட முதல் ஆவ்ரோ 748 விமானம் 1961இல் பறந்தது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 14 இருக்கை ‘சரஸ்’ 2004இல் பறந்தது. கூட்டுப்பொருள், கணினிவழிக் கட்டுப்பாடு ஆகிய இரு திறன்களும் 2001இல் பறந்த தேஜஸ் போர் விமானத்தில் கைகூடின. கைகூடாதது எஞ்சினே. காவேரி எஞ்சின் 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எஞ்சினுடன் பறக்கிறது. எஞ்சினின் உள்ளே, தாம் ஆக்கப்பட்ட உலோகத்தின் உருகுநிலையையும் மிஞ்சும் வாயுவில் டர்பைன் தகடுகள் சுழலவேண்டும். அதற்கு ஒவ்வொரு தகட்டையும் ஒரே படிகமாக வார்க்கவேண்டும். உலகில் மிகச் சில நாடுகளே இக்கலையை அறிந்தவை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் அவ்வாறு வார்த்த 60 தகடுகளை, ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக, 2021இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் அளித்தது.