தையல் போட்ட பிறகும் வேலை இருக்கிறது

நேற்றுவரை சோபாவில் தாவி ஏறிய டாக்ஸ்ஹண்ட் நாய், இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. இந்த இனத்துக்குக் குட்டைக் கால் தரும் மரபணுக் கோளாறுகளில் ஒன்றே, வட்டையும் இளவயதிலேயே இறுகிப்போகச் செய்கிறது என்று 2017-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

நசுக்கும் வட்டை அகற்றும் ஆபரேஷனுக்கு முன் டாக்டர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். வலித்துத் திரும்பிப் பார்க்கும் நாய்களில் பெரும்பாலானவை மறுபடி நடந்துவிடும். வலியே தெரியாதவற்றில் ஏறக்குறைய பாதிதான் நடக்கும். அப்படி வலி இழந்தவற்றில் சுமார் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடம் கூழாகி, அந்த அழிவு நாளுக்கு நாள் தலைப்பக்கமாக ஏறும். முன்னங்கால்கள் ஓயும், கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓயும். இதற்கு மருந்து கிடையாது. வேதனையில்லாமல் கண்மூட விடுவதுதான் அந்த ஜீவனுக்குச் செய்யும் தயவு. இந்த அழிவு பெரும்பாலும் முதல் நசுங்கலிலேயே தொடங்கிவிடுவது. சர்ஜனையோ தங்களையோ நொந்துகொள்ளும் வீட்டாரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மற்ற நாய்களுக்கு வரும் ஆபத்து சத்தமில்லாதது. எல்லோரும் கால்களையே பார்த்துக்கொண்டிருக்க, சிறுநீர்ப்பையை மறந்துவிடுகிறார்கள். பை நிரம்பியது நாய்க்குத் தெரியாது, தானாகக் கழிக்கவும் முடியாது. நிரம்பி வழிந்து படுக்கை நனைந்தால், ‘தானாகவே போகிறதே’ என்று சந்தோஷப்படுகிறார்கள். உள்ளே பை விம்மிக்கொண்டே இருக்கும். அதிகமாக விரிந்த தசை தளர்ந்துபோனால், கால் வந்த பிறகும் அது சுருங்க மறுக்கலாம். தேங்கிய நீரில் கிருமி பெருகும். உணர்வற்ற நாய் முக்காது, முனகாது. சிறுநீர் கலங்கலும் துர்நாற்றமும் காட்டிக்கொடுத்தால் உண்டு. சில சமயம் அதுவும் இராது. அதனால் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

நாயை நிறுத்திப் பிடித்து, பின்தொடைக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்தால், நீர் நிரப்பிய பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும். விரல்நுனியால் குத்தாமல், இரு கைகளாலும் நிதானமாக, விட்டுவிடாமல் அழுத்த வேண்டும். பை குழைந்து சுருங்குவது கைக்கே தெரியும். தினமும் மூன்று நான்கு தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கும். டாக்டர் பக்கத்தில் நிற்க, உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.