சின்னப் பிள்ளைகளோடு மலைநாட்டுக்கு: பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

பாடசாலை விடுமுறை நெருங்கினால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்கும். "வான் ஒன்று பிடிச்சு நுவரெலியா போட்டு வருவம்." அடுத்த கிழமைக்குள் பட்டியல் நீண்டுவிடும். அநுராதபுரம், சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, முடிந்தால் கதிர்காமம். எல்லாம் நாலு நாளில். தங்கும் செலவை மிச்சம் பிடிக்க இரவு பத்து மணிக்கு வெளிக்கிடுவது, விடியக் கண்டியில் நிற்பது என்று முடிவாகும். வானில் மூன்று வயதுப் பிள்ளை அம்மாவின் மடியில், ஏழு வயதுப் பிள்ளை இரண்டு ஆசனங்களுக்கு நடுவே நின்றுகொண்டு.

நானும் இப்படிப் போயிருக்கிறேன். விடியப்புறம் மூன்றரை மணிபோல் வான் மெல்ல வீதியோரப் புல்லில் இறங்கியபோது முன் ஆசனத்தில் இருந்த மாமா கத்தியதால்தான் சாரதி கண் விழித்தார். அவர் முதல் நாள் பகல் முழுவதும் வேறொரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

2025ஆம் ஆண்டில் நாட்டை உலுக்கிய இரண்டு பஸ் விபத்துகள் மலைவீதிகளில் நடந்தவை. மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலையில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். இரண்டும் இருட்டில் நடந்தவை. காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனாலும் அறிமுகமில்லாத மலைவீதியில் இருட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோகத் தேவையில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

மணித்தியாலத்தால் கணக்குப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். கார், வான்களுக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பதே வேக எல்லை. தேநீர், மலசலகூடம், வாந்தி, மாடு, சந்தி எல்லாம் சேர்த்தால் சிறுபிள்ளைகளோடு போகும் வாகனத்துக்கு மணிக்கு 40 கிலோமீற்றர்தான் கிடைக்கும். மலைவீதியில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். கைபேசி வரைபடம் இரண்டரை மணித்தியாலம் காட்டினாலும் மூன்று என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஒரு நாளுக்கு ஐந்து, ஆறு மணித்தியால ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி ஓடி விளையாட விடுங்கள். இந்த நிறுத்தம் சாரதிக்கும் வேண்டும்.

ஒரு மாதிரித் திட்டம்: ஆறு நாள், ஐந்து இரவு

முதல் நாள்: காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பாடு. பிள்ளைகள் மிச்ச நித்திரையை வானில் கொள்வார்கள். வவுனியாவில் காலைச் சாப்பாடு. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஓடி மதியம் தம்புள்ளை. பின்னேரம் ஓய்வு.

இரண்டாம் நாள்: தம்புள்ளை அல்லது சிகிரியா, இரண்டில் ஒன்று. சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது யாருக்கும் இன்பமில்லை. கீழே இருக்கும் நீர்ப்பூங்காக்களே சின்னவர்களுக்குப் போதும். பெரியவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து மாறி மாறி ஏறலாம். வெயில் ஏறமுன் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள்: காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாத்தளை வழியாகப் பேராதனைத் தாவரவியல் பூங்கா. அங்கே மூன்று மணித்தியாலம் பிள்ளைகளை ஓட விடுங்கள். களைத்த பிள்ளை மலையேற்றத்தில் நித்திரையாகிவிடும். மதியம் புறப்பட்டால், இருட்டவும் புகார் மூடவும் முன்னர் நுவரெலியா.

நான்காம் நாள்: வான் அதிகம் ஓடாத நாள். கிரகரி வாவி, சீதா எலிய கோயில், ஹக்கலைப் பூங்கா எல்லாம் கிட்டக் கிட்ட உள்ளவை. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கும் பிள்ளை, கொழுந்து பறிப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கும். லயன் அறைகளைக் காட்டி, இருநூறு ஆண்டுக் கதையை அதற்கு விளங்குமளவு சொல்லுங்கள். அந்த வீதியை வெட்டியதிலும் அந்தச் சனங்களின் கைகளுக்குப் பங்கிருக்கிறது.

ஐந்தாம் நாள் அநுராதபுரத்தில் தங்கி, ஆறாம் நாள் வீடு. பெரும்பாலான குடும்பங்கள் திட்டமிடாமல் விடுவது இந்தத் திரும்பும் பாதையைத்தான். நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். காசு முடிந்து, சாரதி களைத்து, பிள்ளைகள் அழும் நாளில் அதை ஒரே மூச்சில் ஓடுவதுதான் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி. ஒரு இரவைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

எல்ல? இன்னொரு முறை. ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டிலிருந்து அங்கேதான் நிற்கிறது.

மாதத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். சனமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். கண்டி எசல பெரஹரா ஜூலை–ஓகஸ்டில் வரும், அந்நாட்களில் நகர வீதிகள் மூடப்படும். பொசன் போயாவில் அநுராதபுரம் நிரம்பி வழியும். ஓகஸ்டில் கடல்தான் வேண்டுமென்றால் திருகோணமலையும் பாசிக்குடாவும் அமைதியாக இருக்கும்.

மழைக்காலத்தில் மலைநாட்டைத் தள்ளிவைப்பதே நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது மலையக வீதிகள் பல மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. புறப்பட முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் கேட்கலாம்.

வானையும் சாரதியையும் பற்றிக் கேட்க வேண்டியவை

வாடகை பேசும்போது எல்லோரும் விலையைத்தான் கேட்கிறோம். இவற்றையும் கேளுங்கள். பின் ஆசனங்களில் வேலை செய்யும் பட்டி இருக்கிறதா? ரயர் எப்போது மாற்றியது? காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுமா? முதல் நாள் சாரதிக்கு வேறு ஓட்டம் இருக்கிறதா? தங்குமிடத்தில் சாரதிக்குக் கட்டில் உண்டா? பல இடங்களில் சாரதி வானுக்குள்ளேயே படுக்கிறார். அவருடைய நித்திரை உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பு. அறை பதியும்போதே அவருக்கும் சேர்த்துப் பதியுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை அமத்திப் பிடித்தபடியே வந்தால் அது சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக் எரியும் மணம் வந்தால் வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

மடியில் இருக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது வெறும் நம்பிக்கை. சடுதியாக நிற்கும் வாகனத்தில் 12 கிலோ எடையுள்ள பிள்ளை பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க முடியாது. சிறுவர் ஆசனம் இறப்பை 60 வீதம் வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அங்கே அதில்லாமல் பிள்ளையைக் கடைக்குக்கூடக் கொண்டுபோகமாட்டார்கள். இங்கே வந்ததும் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். வரும்போது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொருத்துவதற்குப் பட்டியுள்ள ஆசனம் வேண்டும் என்பதால்தான் முதல் கேள்வி பட்டியைப் பற்றியது.

வாந்தியும் சாப்பாடும்

றம்பொடை வளைவுகளில் பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே குமட்டும். உட்காது அசைவை உணர்கிறது. கண்ணோ கைபேசியில் அசையாத படத்தைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டால்தான் வயிறு பிரட்டுகிறது. ஆகவே மலையேறமுன் கைபேசியை வாங்கி வையுங்கள். பிள்ளையைக் கடைசி ஆசனத்தில் இருத்தாதீர்கள். யன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுவயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. குளிசை வேண்டுமென்றால் புறப்பட முதலே வைத்தியரிடம் கேளுங்கள். இவற்றில் சில, இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாதவை.

கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பல் வெயிலில் பழுதாகிவிடும். பாண், ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் நிற்கும். ஜீவனிப் பக்கற்று இரண்டு, பனடோல் பாணி, பொலித்தீன் பைகள், மாற்றுடுப்பு ஆகியவற்றைக் கைக்கெட்டும் பையில் வையுங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு ஸ்வெற்றரும் காலுறையும் தேவை. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லோருடைய கைபேசியிலும் பதியுங்கள்.

அந்த விடியப்புறத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இரவில் புறப்படுவதில்லை. போன முறை பார்த்த இடங்கள் நாலுதான். திரும்பி வந்து என்ன பிடித்தது என்று கேட்டபோது அக்காவின் சின்னவன் சிகிரியாவையும் சொல்லவில்லை, வாவியையும் சொல்லவில்லை. மாத்தளையில் வீதியோரம் வான் நின்றபோது ஒரு குரங்கு தன் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியதைத்தான் சொன்னான். அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.